எழுபதாம் வருடம், எட்டாவது வாரம்

என் அண்ணன் காஸ் பட்டாளத்துக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் கராஜில் நிறுத்திவிட்டுப் போன வண்டியை, முப்பத்தெட்டு வருடம் அம்மா யாரையும் தொட விடவில்லை. கத்தரிப்பூ நிற டாட்ஜ் சேலஞ்சர். எழுபதாம் வருடம் மார்ச் மாதம், எங்கள் ஊரின் இன்னொரு கோடியில் இருந்த டாட்ஜ் மெயின் தொழிற்சாலையில் செய்தது. காஸுக்கும் அங்கேதான் வேலை. தன் வண்டியின் கதவைத் தானே மாட்டியதாகத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான், நாங்களும் நம்பினோம். அம்மா செத்ததும் ஹாம்ட்ராமிக் வீடும், கராஜும், போர்வைக்கு அடியில் கிடந்த வண்டியும் என்னிடம் வந்தன.

எனக்கு இப்போது ஐம்பத்தைந்து வயது. பெரிய ஆசைகள் எதுவும் கிடையாது. புருஷன் போய்ப் பதினைந்து வருடம் ஆகிறது, எங்கே போனான் என்று நான் கேட்கவும் இல்லை. ஆனால் இந்த வண்டி விஷயத்தில் ஒரே ஒரு ஆசை பிடித்துக்கொண்டது. காஸ் எப்படி விட்டுப் போனானோ அப்படியே இது மறுபடி ஓட வேண்டும். ஒரு ஆணி மாறக்கூடாது. காஸ் என்று சொல்ல எங்களுக்கு மிஞ்சியது இது ஒன்றுதான். அவன் உடம்பைக்கூட மூடிய பெட்டியில்தான் அனுப்பினார்கள்.

வண்டியைப் பற்றிப் பேச வந்தால் அப்பாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எனக்குப் பிடிக்காத பேச்சு, சீக்கிரம் முடித்துவிடுகிறேன். அப்பா அதே தொழிற்சாலையில், கருவிகள் செய்கிற டூல் ரூமில் இருந்தார். அங்கே தொழில் பழகுகிறவர்களைப் பட்டாளத்துக்கு இழுக்க மாட்டார்கள் என்று, யார் யார் காலையோ பிடித்துக் காஸுக்கு ஒரு இடம் வாங்கிக் கொடுத்தார். காஸ் எட்டு மாதம் இருந்தான். பழகுகிறவன் சம்பளத்தில் என்றைக்கு வண்டி வாங்குவது என்று அதை உதறிவிட்டு வண்டி கோக்கிற லைன் வேலைக்குப் போனான். ஓவர்டைம் பார்த்து வண்டியை வாங்கினான். கோடை முடிவதற்குள் பட்டாளத்திலிருந்து ஓலை வந்துவிட்டது.

"உன்னை விழுங்கத்தான் வந்திருக்கு அது. அந்தச் சனியன் மேல என் விரல்கூடப் படாது," என்று அப்பா வாசலில் நின்று கத்தியது நாலு வீட்டுக்குக் கேட்டது. அதன் பிறகு அவர் காஸோடு பேசவில்லை.

எழுபத்தொன்று ஜனவரியில், போருக்குக் கப்பல் ஏறுவதற்கு முன்னால் காஸ் பத்து நாள் லீவில் வந்தான். பத்து நாளும் ஒரு வார்த்தை இல்லை. கடைசி ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும் சர்ச்சில் பூசைக்குப் போனோம். காய்ச்சலோடுகூடப் பூசைக்கு வருகிற மனிதர் அன்றைக்கு வரவில்லை, மகனோடு ஒரே பெஞ்சில் உட்கார அவருக்கு மனசில்லை. மறுநாள் காலை காஸ் கிளம்பும்போது அப்பா வீட்டிலேயே இல்லை. வழக்கத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே எழுந்து, யாரையும் எழுப்பாமல், வேலைக்குப் போய்விட்டிருந்தார். காஸ் வாசலில் மூட்டையோடு நின்று சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனான். மே மாதம் செய்தி வந்தது.

எனக்கு அப்போது பதினாலு வயது. அன்றிலிருந்து அப்பாவை நான் மன்னிக்கவில்லை. பதினெட்டு வயதில் வீட்டை விட்டுப் போனேன். எண்பத்தொன்பதில் அவருக்கு நுரையீரல் போய் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அம்மாவின் தொல்லை தாங்காமல் ஒரே ஒரு தடவை போனேன். போனவள் சும்மா இருக்கவில்லை.

"அவனை ஒரு வார்த்தை சொல்லாம அனுப்பிட்டீங்கப்பா."

மூக்கில் குழாயோடு என்னையே பார்த்தார். "ஆமா," என்றார்.

அவ்வளவுதான். தானே ஒப்புக்கொண்டாரே என்று எனக்கு ஒரு திருப்திகூட. நாலு நாளில் அவர் செத்துப்போனார்.

சரி, வண்டிக்கு வருகிறேன். லோவெல் என்று என் சிநேகிதன் ஒருவன், ஓய்வு பெற்ற எலக்ட்ரீஷியன். கார் ஷோக்களில் நடுவர் வேலை. மார்க் அட்டையும் டார்ச்சும் சின்னக் கண்ணாடியுமாகப் பிறத்தியார் வண்டிக்கு அடியில் படுத்துக் குறை கண்டுபிடிப்பதுதான் அவனுக்குப் பொழுதுபோக்கு. நானும் லேசுப்பட்டவள் இல்லை. முப்பது வருடம் ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரில் நின்றவள். ஆள் முகம் மறந்துவிடும், பார்ட் நம்பர் மறக்காது. இரண்டு குளிர்காலம் நாங்கள் இரண்டு பேரும் இன்ஜினைப் பிரித்துக் கழுவிச் சேர்த்தோம். எல்லாமே ஒரிஜினல். எல்லாவற்றிலும் சரியான எண். ஒன்றைத் தவிர.

"ஹலினா, இங்க வா. திட்டாம பாரு," என்றான் லோவெல். அவன் கையில் டிஸ்ட்ரிபியூட்டர் இருந்தது. எட்டு சிலிண்டருக்கும் முறைப்படி நெருப்பைப் பங்கு போட்டுக் கொடுக்கிற சாமான். அது சரியில்லை என்றால் மற்றதெல்லாம் பத்தரைமாற்றுத் தங்கமாக இருந்தும் பிரயோஜனம் இல்லை. கிரீஸும் தூசியும் ஏறி அது கட்டியாக இருந்தது. நம்பர் இருக்கும் இடத்தை மட்டும் கட்டைவிரலால் துடைத்துப் பார்த்தேன்.

"இது பிக்கப் வண்டியோடதுடா!"

"அதான் திட்டாதன்னேன். அறுபத்தேழாம் வருஷத்து பிக்கப், சுமை ஏத்துற வண்டி. இன்ஜின் ஒரே குடும்பம், அதனால ஓட்டையில போய் உக்காந்துக்கும். ஆனா இதுக்கானது இல்ல."

"எவனோ களவாணி மெக்கானிக் நல்லதைக் கழட்டிக்கிட்டு இந்தக் குப்பையை மாட்டியிருக்கான். காஸ் பட்டாளத்துல இருந்தப்ப நடந்திருக்கும். மாட்டினவன் கை விளங்காம போக!"

"போதும், போதும். கை எப்பவோ மண்ணாப் போயிருக்கும்," என்று லோவெல் சிரித்தான். "இப்ப என்ன போடறதுன்னு யோசி. தண்டு ஆடுது, இப்படியே போட முடியாது. மூணு வழி இருக்கு. ஒண்ணு, எலக்ட்ரானிக். பாயிண்ட் கிடையாது, இடைவெளி பாக்க வேணாம், போட்டமா மறந்தமான்னு இருக்கலாம்."

"காஸ் காலத்துல அது ஏது? அடுத்தது சொல்லு."

"இதையே புதுப்பிச்சுப் போடறது. புஷ்ஷும் பாயிண்ட்டும் மாத்தினா ஓடிடும். இதுலயும் ஒரு காலத்துல ஓடியிருக்கு இல்ல?"

"பிக்கப் சாமானை அவன் வண்டியில வைக்கவா? கிறுக்கா உனக்கு? நீயே ஷோவுல வந்து மார்க்கைக் குறைப்ப."

"குறைப்பேன்தான். கடமை கடமைதானே," என்றான் வெட்கமில்லாமல். "அப்ப மூணாவதுதான். அசலைத் தேடணும். தேதியோட."

தேதி என்பது எங்கள் கூட்டத்துக்குப் பிடித்த பைத்தியம். அந்தக் காலத்து டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பில் எந்த வருடம், எத்தனையாவது வாரம் செய்தது என்று குத்தியிருப்பார்கள். வண்டி பிறந்த தேதிக்குச் சில வாரம் முன்னால் இருக்க வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் அது அந்த வண்டியோடு பிறந்ததில்லை என்று அட்டையில் எழுதிவிடுவார்கள். காஸின் வண்டி மார்ச் நடுவில் செய்தது. எழுபதாம் வருடத்தின் எட்டாவது வாரம் என்றால் கனகச்சிதம்.

லோவெல் இரண்டாவது வழியை இன்னொரு தடவையும் சொன்னான். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஏழு மாதம் தேடினேன். இந்தியானாவில் பழைய சாமான் சந்தையில் ஒருவன் எட்டாவது வாரம் என்று காட்டினான். எட்டைப் பார்த்தாலே தெரிந்தது, போன மாதம் குத்திய எட்டு. "இந்த எட்டுக்கு இன்னும் பால் பல்லே விழலியே," என்றேன். அவன் மேஜையை மூடிவிட்டான். கடைசியில் டொலிடோவில் டிஸ்ட்ரிபியூட்டர்களை மட்டுமே புதுப்பிக்கிற ஒரு பெண்ணிடம் நிஜமான ஒன்று இருப்பதாகச் சேதி வந்தது. பெயர் ரோவெனா. கை முழுக்கப் பச்சை குத்தியவள், காதில் பாட்டுக் குழாயோடுதான் பேசுவாள்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புதுப்பித்ததை வாங்குகிறவர் பழசைக் கொடுத்துவிட வேண்டும். அடுத்ததைச் செய்ய அவர்களுக்கு உடம்பு வேண்டுமே. பழசை யாரும் கழுவிக் கொண்டு போக மாட்டோம். எப்படியும் மணல் பீய்ச்சிச் சுரண்டப் போகிறார்கள், அதற்கு எதற்குச் சோப்பு? கவுண்டரில் நிற்கும்போது நானே எத்தனை பேரை, "என்ன, குளிப்பாட்டிப் பவுடர் போட்டுக் கொண்டாந்திருக்கீங்க?" என்று கேலி செய்திருக்கிறேன். அதனால் பிக்கப்பின் டிஸ்ட்ரிபியூட்டரை அழுக்கோடு அழுக்காகச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு போனேன். ரோவெனா அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் ஒரு பீப்பாய்க்குள் எறிந்தாள். எட்டாவது வாரத்தை என் மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்தேன், பிள்ளை பெற்றவள் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதுபோல.

ஜூனில் வண்டி உயிர் பிடித்தது. சாவியைத் திருப்பிய இரண்டாவது உருட்டலிலேயே பிடித்துக்கொண்டு கராஜ் சுவர் அதிர்ந்தது. நான் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதேன். லோவெல் அந்தப் பக்கம் திரும்பி நின்று நெருப்பு விழுகிற நேரம் பார்க்கிற டைமிங் லைட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஆகஸ்டில் சர்ச் வளாகத்தில் கார் ஷோ. அதற்கு இரண்டு வாரம் முன்னால் ஸிகி மாமாவைக் கூட்டி வரச் சொன்னேன். மூன்று வீடு தள்ளி இருந்தவர், அப்பாவோடு டூல் ரூமில் வேலை பார்த்தவர். தொண்ணூற்று மூன்று வயதில் முதியோர் இல்லத்தில் இருந்தார். இந்த வண்டி ஓடிய சத்தத்தைக் கேட்டவர்களில் உயிரோடு மிச்சம் இருந்தது அவரும் நானும்தான். லோவெல் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து முன்னால் நிறுத்தினான். நான் பானட்டைத் தூக்கினேன். என் முகம் முழுக்கப் பெருமை வழிந்திருக்கும்.

மாமா நிதானமாகப் பார்த்தார். ரேடியேட்டர், கார்ப்பரேட்டர், வயர்கள். பிறகு முன்பக்கம் குனிந்து டிஸ்ட்ரிபியூட்டர் மேல் விரலை வைத்தார்.

"உங்கப்பனோடது எங்க, கண்ணு?"

"எது மாமா?"

"இதான். இங்க இருந்தது. உங்கப்பன் ஸ்டாஷோட பிக்கப்புல இருந்து கழட்டிப் போட்டோமே."

நான் லோவெலைப் பார்த்தேன். லோவெல் தரையைப் பார்த்தான்.

"மாமா, உங்களுக்கு வேற வண்டி ஞாபகம் வந்திருக்கும். அப்பா இதைத் தொட்டதே இல்ல."

"எனக்குக் காலுதான் போச்சு, புத்தி போகல," என்று அதட்டினார். "பையன் கிளம்பறதுக்கு முந்தின நாளு. ஞாயித்துக்கிழமை. அதுக்கு முந்தியே இதோட டிஸ்ட்ரிபியூட்டரு தண்டு ஒடிஞ்சு போச்சு. எது போச்சுன்னு பிடிபடாம சனிக்கிழமை பூரா பனியில நின்னு மல்லுக்கட்டினான் பையன். கடை எல்லாம் அடைச்சாச்சு. போகுது விடுன்னு உள்ள போயிட்டான். உங்கப்பன் ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்திருக்கான். மறுநாள் நீங்க எல்லாரும் பூசைக்குப் போனதும் என் வீட்டுக் கதவைத் தட்டினான். 'ஸிகி, வா, ஒரு மணி நேரம் இருக்கு'ன்னான்."

"பூசைக்கு..." என்றேன். 

"பூசைக்குப் போகலன்னு ரெண்டு பேருக்கும் பாவம்தான். அவன் பிக்கப்பை அங்க, அந்த மரத்தடியில, பானட்டைத் தூக்கிக் கழட்டினோம். இதுல மாட்டினோம். டைமிங் லைட் என்கிட்ட இல்ல. உங்கப்பன் காதை வச்சே திருப்பித் திருப்பி நிறுத்தினான். கை ரெண்டும் விறைச்சு நீலமா போச்சு. பூசை முடிஞ்சு சர்ச் மணி அடிக்கிறதுக்குள்ள பானட்டை மூடிட்டு உள்ள போயிட்டோம். 'பையன் கேட்டா நான் தொடவே இல்லன்னு சொல்லு'ன்னான். 'ஏன்டா, சொல்லிட்டுத்தான் போயேன்'னேன். 'நான் அந்த வண்டியை ஒத்துக்கிட்டதா ஆயிடும்'னான். முரடன்."

"மறுநாள் காலைல..." என்று ஆரம்பித்தேன். "மறுநாள் அவர் சீக்கிரமே போயிட்டாரே, மாமா. அவன் மூஞ்சியைப் பாக்கக்கூடாதுன்னு."

"பின்ன, பிக்கப்பு ஓடாதே? டிஸ்ட்ரிபியூட்டர் இங்க இருக்கு. திங்கக்கிழமை ஷிஃப்டுக்கு முதல் பஸ்ஸைப் பிடிச்சாத்தான் உண்டு. நானும் அவனும்தான் போனோம். பஸ்ஸுல வாயே தொறக்கல." மாமா மறுபடி இன்ஜினைப் பார்த்தார். "அது எங்க, கண்ணு? இது வேறயா இருக்கே."

"ஏன் மாமா என்கிட்ட சொல்லல? நாப்பது வருஷம்!"

"நீ எங்க இருந்த? அப்பன் சாவுக்குக்கூட ஓரமா நின்னுட்டுப் போயிட்ட. மே மாசத்துக்கு அப்புறம் உங்கப்பன்கிட்ட நானே அந்தப் பேச்சை எடுக்கல. எடுக்க முடியுமா?"

அவரை உட்கார வைத்து லோவெல் காபி கொடுத்தான். நான் கராஜுக்குப் பின்னால் போய் நின்றேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்னை அவர் பார்த்த பார்வை வந்துகொண்டே இருந்தது. "இல்லம்மா, நான் என் பிக்கப்பைப் பிரிச்சு அவன் வண்டியை ஓட வச்சேன்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன். அவருக்குச் சொல்ல இடம் இருந்தது. ஆமா என்று மட்டும் சொன்னார். தான் சொல்லாத வார்த்தைக்கு அதுதான் தண்டனை என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ. அந்தத் தண்டனையை நான்தான் என் வாயால் கொடுத்தேன்.

மறுநாள் காலை கடை திறக்கும் முன்னாலேயே டொலிடோவில் நின்றேன். ரோவெனா சாவியோடு வந்தாள்.

"ஏப்ரல்ல நான் ஒண்ணு கொடுத்தேனே. அறுபத்தேழு பிக்கப். அது வேணும்."

"அக்கா, இது ஆகஸ்ட்டு."

"தெரியும். எனக்கு அது வேணும்."

அவள் காதிலிருந்து குழாயை எடுத்தாள். அதற்கு முன் அவள் அதை எடுத்து நான் பார்த்ததில்லை. பின்கட்டுக்குக் கூட்டிப் போனாள். ஒரு பீப்பாய் நிறைய உடம்புகள், மணல் பீய்ச்சிய பிறகு ஒரே வெள்ளி நிறத்தில். இன்னொன்றில் தண்டுகள். இன்னொன்றில் தட்டுகள். ஒன்றோடு ஒன்று சேர்ந்திருந்தது எதுவும் இல்லை.

"அந்த நம்பர் ஏராளமா வரும். பிக்கப்புக்கெல்லாம் அதான். ஏதாவது அடையாளம் இருந்துச்சா? கீறல், பேரு, எதுவாச்சும்?"

"தெரியாது."

"கழுவிப் பாக்கலியா?"

"பாக்கல," என்றேன். "நம்பரை மட்டும்தான் பாத்தேன்."

 மதியம் வரை இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து பொறுக்கினோம். அதே நம்பரில் முப்பத்தொரு உடம்புகள் கிடைத்தன. எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தேன். அப்பாவின் கை பட்டது என்றால் எனக்குத் தெரியாமலா போகும் என்று ஒரு நப்பாசை. தெரியவில்லை. அவர் கையைக்கூட நான் கடைசியாக எப்போது தொட்டேன் என்று ஞாபகம் இல்லை.

"ஒண்ணை எடுத்துக்கங்க அக்கா," என்றாள் ரோவெனா. "தண்டும் தட்டும் பிக்கப்போடதாவே பாத்து நான் சேத்துத் தரேன். அதுவாவும் இருக்கலாம்."

இந்தத் தடவை தேதியையும் வாரத்தையும் நான் பார்க்கவில்லை. கைக்கு எட்டியதை எடுத்துக் கொடுத்தேன். பதிலுக்கு, வண்டியிலிருந்து கழற்றிக் கொண்டு வந்திருந்த எட்டாவது வாரத்தை நீட்டினேன். அவள் வாங்க மறுத்தாள். நான் அவள் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

ஷோவுக்கு முந்தின சனிக்கிழமை நானே அதை மாட்டினேன். லோவெல் டைமிங் லைட்டைப் பிடித்தான். "மார்க் போகும்" என்று அவன் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. முடிந்ததும், "நான் வரவா?" என்று கேட்டான். வேண்டாம் என்று தனியாக வண்டியை எடுத்தேன்.

ஜோசப் காம்போ தெரு சிக்னலில் நின்றேன். பச்சை விழுந்தது. மிதித்தேன். வண்டி திக்கியது. எட்டாவது வாரத்தோடு பாய்ந்த அதே இன்ஜின், இப்போது மூட்டை ஏற்றிய பிக்கப்பைப் போல ஒரு மூச்சு யோசித்துவிட்டு, பிறகுதான் முனகிக்கொண்டு நகர்ந்தது. சுமை இழுக்கிற வண்டிக்கு நெருப்பை நிதானமாகத்தான் கொடுக்க வேண்டும், டிஸ்ட்ரிபியூட்டருக்கு அந்தப் பழக்கம். முப்பது வருடம் கவுண்டரில் நின்றவளுக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் உடம்பில் அந்தத் திக்கல் பட்டபோதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. இதை நான் முன்பே ஒரு தடவை உட்கார்ந்து அனுபவித்திருக்கிறேன்.

காஸின் அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, சும்மா ஒரு தடவை சாவியைத் திருப்பப் போய் வண்டி பிடித்துக்கொண்ட சந்தோஷத்தில் காஸ் என்னை ஏற்றிக்கொண்டு இதே தெருவுக்கு வந்தான். இதே மாதிரி ஒரு சிக்னலில் வண்டி திக்கியது. "என்னது இது?" என்றான். அந்த இன்ஜினின் ஒவ்வொரு தும்மலும் அவனுக்குத் தெரியும். பேக்கரி ஓரமாக நிறுத்தி, இறங்கி, பானட்டைத் தூக்கினான். ரொம்ப நேரம் தூக்கியபடியே இருந்தது. நான் உள்ளே குளிரில் விறைத்துக்கொண்டு கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். எப்போதும் படாரென்று அறைந்து மூடுகிறவன், அன்றைக்கு இரண்டு கையாலும் மெல்ல அழுத்தி மூடினான். வந்து உட்கார்ந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"என்னண்ணே ஆச்சு?"

"ஒண்ணுமில்ல ஹல்கா. குளிரு." அவனுக்கு நான் ஹல்கா. வண்டியைக் கிளப்பியபடி, "அப்பா எங்க?" என்றான்.

"யாருக்குத் தெரியும்? பூசைக்குக்கூட வரல. அவருக்கு உன் மேல இன்னும் கோவம் தீரல."

"இல்ல," என்றான் காஸ். "அவருக்குக் கோவம் இல்ல ஹல்கா."

என்னைச் சமாதானப்படுத்தத்தான் அப்படிச் சொல்கிறான் என்று நினைத்தேன். அப்பாவுக்குப் பரிந்து பேசுகிறானே என்று அவன் மேல் எரிச்சல்கூட வந்தது. அவன் தெருத்தெருவாக இருட்டும் வரை ஓட்டிக்கொண்டே இருந்தான். வண்டி ஒவ்வொரு சிக்னலிலும் திக்கியது. அவன் ஒரு தடவையும் அதைத் திட்டவில்லை.

பானட்டுக்கு அடியில் இருந்தது அப்பாவின் பிக்கப் சாமான் என்று காஸ் தெரிந்துகொண்டுதான் போனான். அப்பாவுக்கு மட்டும் அது தெரியாது. மகனுக்குத் தெரியும் என்று அவரிடம் சொல்லக்கூடியவள் உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள். அவள் ஆஸ்பத்திரிக்குப் போய், ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்பிவிட்டீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அடுத்த சிக்னலும் பச்சையாகி, பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். மறுபடி அடித்தார்கள். "அப்பா, அவனுக்குத் தெரியும்ப்பா," என்று நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டுச் சொன்னேன். ஒரு ஆள் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டி, "உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான். நான் அவனிடமும் அதையே சொன்னேன்.